போர் விமானச் சிமுலேட்டர்களில் விமானி அறைத் தேய்மானம்

போர் விமானச் சிமுலேட்டர்களில் விமானி அறைத் தேய்மானம் என்பது, கணினியில் இயங்கும் வான்போர்ப் பாவனை மென்பொருள்களில் விமானி அமரும் அறையைத் தொழிற்சாலையிலிருந்து அன்று வந்தது போலக் காட்டாமல், பலர் பல காலம் பயன்படுத்தியது போலக் காட்டும் முறையாகும். ஓரங்களில் உரிந்த வண்ணம், விரல் பட்டு வழவழப்பான குமிழ்கள், பாதி அழிந்த எழுத்துகள், காலணி உரசிய தரை, வெயிலில் வெளுத்த இருக்கைப் பட்டைகள், மேல்மூடியில் நுண்கீறல்கள் ஆகியவை இதில் அடங்கும்.

சிமுலேட்டரில் பறப்பவர் தம் விமானத்தின் வெளிப்புறத்தைப் பார்ப்பது குறைவு. ஒரு மணி நேரம் பறந்தால் அந்த ஒரு மணி நேரமும் கருவிப் பலகையும் பக்கப் பலகைகளுமே கண்முன் இருக்கும். எனவே உருவாக்குநர்கள் அறையின் தோற்றத்துக்கு மிகுந்த உழைப்பைச் செலவிடுகிறார்கள். பயன்படுத்துவோரும் அதைப் பற்றியே அதிகம் வாதிடுகிறார்கள். "எவ்வளவு தேய்ந்திருக்க வேண்டும்?" என்பது வழக்கமாக எழும் கேள்வி. "எந்த ஆண்டில், எவ்வளவு காலம் பறந்த விமானம்?" என்று கேட்பதே பொருத்தமானது. அந்த விடை தெரியாமல் வரையப்பட்ட தேய்மானம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அலங்காரமே தவிர, ஆவணம் ஆகாது.

தேய்மானம் ஏற்படும் இடங்கள்

மனிதக் கையும் காலும் எங்கே படுகின்றனவோ அங்கேதான் விமானி அறை தேய்கிறது. இது சாதாரணமாகத் தெரிந்தாலும், சிமுலேட்டர் ஓவியர்கள் மிகுதியாகத் தவறுவது இங்குதான். பழைய பேருந்து ஒன்றின் ஓட்டுநர் இடத்தைப் பார்த்தால் கியர் குமிழ் பளபளக்கும். அதற்கு ஒரு சாண் தள்ளியுள்ள தகடு, வண்ணம் குறையாமல் தூசி படிந்து கிடக்கும். போர் விமானத்திலும் அதே நிலைதான்.

விமானி அறைக்குள் ஏறும் பக்கம் முதலில் தேய்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் பிஎஃப் 109 விமானத்தின் மேல்மூடி வலப்புறமாகச் சாய்ந்து திறக்கும். ஆகவே விமானி இடது இறக்கையின் மீது ஏறி உள்ளே இறங்குவார். எஃப்-14 டாம்கேட்டில் மடித்து வைக்கும் ஏணி இடப்பக்கத்தில் உள்ளது. இவற்றில் இடது விளிம்பு காலணி பட்டும் கை ஊன்றியும் வண்ணம் இழந்திருக்க வேண்டும். வலது விளிம்பு ஓரளவு நன்றாகவே இருக்கும். இரு விளிம்புகளும் ஒரே அளவில் உரிந்திருந்தால், வரைந்தவர் அந்த விமானத்தில் மனிதர் ஏறுவதை எண்ணிப் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அடுத்தது கைகளின் பழக்கம். பிரித்தானிய ஸ்பிட்ஃபயர் விமானத்தில் சக்கரங்களை உள்ளிழுக்கும் நெம்புகோல் வலப்பக்கத்தில் இருந்தது. த்ராட்டில் இடப்பக்கம். தரையை விட்டு எழும்பிய உடனே விமானி கட்டுப்பாட்டுத் தண்டை இடக்கைக்கு மாற்றிக் கொண்டு, வலக்கையால் சக்கரங்களை உள்ளிழுக்க வேண்டும். தொடக்கக் கால ஸ்பிட்ஃபயர்களில் இதற்குக் கைப்பம்பு ஒன்றை அடிக்க வேண்டியிருந்தது. வலக்கை பம்பு அடிக்கும்போது தண்டைப் பிடித்திருக்கும் இடக்கையும் சேர்ந்து அசையும். விமானம் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டு போகும். ஆக அந்த நெம்புகோலின் பிடியும் அதைச் சுற்றியுள்ள தகடும் ஒவ்வொரு பறப்பிலும் தேய்கின்றன. பிஎஃப் 109இல் இருக்கைக்கு இடப்பக்கம் இரண்டு சக்கரப் பிடிகள் அடுத்தடுத்து உள்ளன. ஒன்று இறக்கை மடலை இறக்குவதற்கு, மற்றது வால் பகுதியின் சாய்வைச் சரிசெய்வதற்கு. பல சுற்றுகள் சுற்ற வேண்டிய இந்தப் பிடிகளின் விளிம்பு வழவழப்பாகாமல் இருக்க முடியாது.

பறப்பவர்கள் மட்டுமே தேய்மானத்துக்குக் காரணமல்லர். பராமரிப்புப் பணியாளர்களின் பங்கு பெரும்பாலும் மறக்கப்படுகிறது. அமெரிக்கப் போர் விமானங்களின் பக்கப் பலகைகள் தனித்தனிப் பெட்டிகளாகக் கால் சுற்றுத் திருகுகளால் பொருத்தப்பட்டவை. ஒரு பெட்டி பழுதானால் அதை மட்டும் கழற்றி வேறொன்றைப் பொருத்துவார்கள். திருப்புளி வழுக்கி வழுக்கி அந்தத் திருகுகளின் பள்ளத்தைச் சுற்றி வண்ணம் வட்டமாகப் போயிருக்கும். விமானியின் விரல் அங்கே படுவதே இல்லை. இருந்தும் உண்மையான அறையில் முதலில் கண்ணில் படும் தேய்மானங்களுள் இதுவும் ஒன்று.

பெட்டிகளை மாற்றுவதால் இன்னொரு விளைவும் உண்டு. பக்கத்துப் பக்கத்துப் பலகைகள் ஒரே வயதுடையவையாக இருப்பதில்லை. நேற்று வந்த மானி ஒன்று, இருபது ஆண்டுப் பழமையான மானிக்கு அருகில் அமர்ந்திருக்கும். சாம்பல் வண்ணத்தின் சாயலும் இரண்டிலும் சற்று மாறியிருக்கும். ஏ-10 விமானம் 1970களில் வடிவமைக்கப்பட்டது. அதன் ஏ-10சி வகையில் வண்ணத் திரைகள் 2000களில்தான் சேர்க்கப்பட்டன. எனவே அதன் அறையில் இரண்டு தலைமுறைகள் ஒன்றாக உள்ளன. அறை முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்திருப்பது, அறை முழுவதும் புத்தம் புதிதாக இருப்பதைப் போலவே பொய்யானது.

தேய்மானம் வேறு, அழுக்கு வேறு என்பதும் கவனிக்கத்தக்கது. படைப்பிரிவுகளில் விமானி அறையைச் சுத்தமாக வைப்பது கண்டிப்பான விதி. கழன்ற திருகு ஒன்று கட்டுப்பாட்டுத் தண்டின் அடியில் சிக்கினாலே உயிருக்கு ஆபத்து. விமானம் தாங்கிக் கப்பல்களில் உப்புக்காற்று அரிப்பைத் தடுக்க, உரிந்த இடங்களில் தூரிகையால் வண்ணம் தொட்டு வைப்பதும் வழக்கம். அந்த ஒட்டுப் பூச்சு சுற்றியுள்ள வண்ணத்தோடு முழுவதும் ஒத்துப் போகாது. துணி எட்டாத மூலைகளில் தூசி தங்கும். மணல் நிலத்திலிருந்து பறக்கும் விமானத்தில் தரையோரம் மணல் இருக்கும். இவற்றுக்கு அப்பால் எண்ணெய்க் கறையும் சேறும் அப்பிக் கிடக்கும் விமானி அறை திரைப்படத்துக்குப் பொருந்தலாம், படைத்தளத்துக்குப் பொருந்தாது.

பூச்சும் அடிப்பொருளும்

வண்ணம் உரிந்தால் அடியில் என்ன தெரியும் என்பது அடிப்பொருளைப் பொறுத்தது. அலுமினியத் தகட்டின் மீது பொதுவாக முதலில் பிரைமர் பூச்சும் அதன்மேல் உள் வண்ணமும் பூசப்படும். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க விமானங்களில் துத்தநாகக் குரோமேட்டு பிரைமர் பயன்பட்டது. அது மஞ்சள் கலந்த பச்சை நிறமுடையது. எனவே மேற்பூச்சு லேசாக உரிந்த இடத்தில் மஞ்சள் பச்சையும், ஆழமாக உரிந்த இடத்தில் மட்டும் வெள்ளி நிற உலோகமும் தெரியும். இந்த இடைநிலை அடுக்கை விட்டுவிட்டு நேராக வெள்ளிக்குத் தாவுவது வழக்கமான பிழை.

நாட்டுக்கு நாடு மேற்பூச்சும் வேறுபடும். பிரித்தானிய விமானங்களின் உட்புறம் சாம்பல் கலந்த பச்சை. ஜெர்மன் விமானங்களில் போரின் நடுப்பகுதியிலிருந்து கருஞ்சாம்பல். சோவியத் ஜெட் விமானங்களான மிக்-21, மிக்-23 முதலியவற்றின் அறைகள் நீலப்பச்சை நிறத்தில் அமைந்தன. இந்த நீலப்பச்சையின் சரியான சாயல் எது என்பது சிமுலேட்டர் ஆர்வலர்களிடையே ஓயாத வழக்கு. வெயிலில் வெளுத்த பூச்சையும், நிறம் மாறிய பழைய வண்ணப் படங்களையும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முயன்றால் வழக்கு முடியாது. மிக்-21இன் கருவிப் பலகை நடுவே செங்குத்தாக ஒரு வெள்ளைக் கோடு உண்டு. விமானம் சுழன்று விழும்போது தண்டை எந்த இடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று விமானிக்குக் காட்டுவது அது. இப்படிப்பட்ட குறியை அழகுக்காக அரைகுறையாக அழித்து வரைவது விவரமறியாத செயல்.

உலோகம் அல்லாத பொருள்களில் வெள்ளிக் கீறல் வரவே வராது. பல ஸ்பிட்ஃபயர்களின் இருக்கை, பிசின் ஊட்டி அழுத்திச் செய்த செம்பழுப்பு நிறக் கலவைப் பொருளால் ஆனது. அது தேய்ந்தால் மங்கும், சிராய்க்கும்; பளபளக்கும் உலோகம் அடியில் இல்லை. பேக்கலைட்டு குமிழ்களுக்கும் இதுவே பொருந்தும். இருந்தும் இத்தகைய இருக்கைகளையும் குமிழ்களையும் வெள்ளி தெரியும்படி வரைந்த படங்கள் ஏராளம்.

பக்கப் பலகைகளின் எழுத்துகள் தனிக் கதை. பல ஜெட் விமானங்களில் இவை ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடுகள். அவற்றின் மீது வெள்ளையும் அதற்கு மேல் சாம்பலோ கறுப்போ பூசி, எழுத்துள்ள இடத்தில் மட்டும் மேல்பூச்சை நீக்கியிருப்பார்கள். இரவில் உள்ளே விளக்கெரிந்தால் எழுத்துகள் மட்டும் ஒளிரும். இத்தகட்டில் கீறல் விழுந்தால் பகலில் அது வெறும் வெள்ளைக் கோடு. இரவிலோ, கீறல் விழுந்த இடத்திலும் வெளிச்சம் கசிந்து, எழுத்துகளுக்கிடையே சிதறிய பொட்டுகளாகத் தெரியும். பகல் தோற்றத்தில் கீறலைக் காட்டிவிட்டு இரவுத் தோற்றத்தில் அதை மறந்துவிடும் சிமுலேட்டர்கள் பல. இரண்டையும் இணைத்துக் காட்டும் அறை, வரைந்தவரின் அக்கறைக்குச் சான்று.

மேல்மூடியின் கீறல்கள்

விமானியின் தலைக்கு மேலுள்ள ஒளிபுகு மூடி பெரும்பாலும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் ஆனது. கண்ணாடியைவிட மென்மையானது என்பதால், துடைக்கும் துணியில் ஒட்டிய தூசியே அதில் கீறல் போட்டுவிடும். சாதாரண வேளையில் இக்கீறல்கள் தெரியா. சூரியனை நோக்கித் திரும்பும்போது மட்டும் சூரியனைச் சுற்றி வட்ட வட்டமாகத் தோன்றும்.

கீறல்கள் உண்மையில் வட்டமாக இல்லை; எல்லாத் திசைகளிலும் தாறுமாறாகவே உள்ளன. அவற்றுள் ஒளிமூலத்தைச் சுற்றி அமையும் திசையில் உள்ளவை மட்டுமே ஒளியைக் கண்ணுக்கு அனுப்புகின்றன. சமையலறையில் தேய்த்துத் தேய்த்துப் பழகிய எவர்சில்வர் தட்டை விளக்கின் கீழ்ப் பிடித்தால் விளக்கின் பிம்பத்தைச் சுற்றி இதே வளையங்களைக் காணலாம். தட்டைச் சாய்த்தால் வளையங்களும் பிம்பத்தோடு நகரும். சிமுலேட்டரில் இதைச் செய்ய, கீறல்களை நிலையான படமாக ஒட்டிவிடாமல், சூரியனின் இருப்பிடத்தைப் பொறுத்து அவை ஒளிரும்படி கணக்கிட வேண்டும். நிலையான படமாக ஒட்டியவை மழை நாளிலும் இரவிலும்கூட வெள்ளையாகத் தெரிந்து தொல்லை தரும். வான்போரில் எதிரி விமானம் தொலைவில் ஒரு புள்ளியாகத்தான் முதலில் தெரியும் என்பதால் இது வெறும் தோற்றச் சிக்கல் அன்று. சூரியனைப் பின்னால் வைத்துத் தாக்கும் பழைய உத்தியின் பயன், எதிரியின் மேல்மூடி எவ்வளவு கீறலுற்றிருக்கிறது என்பதையும் பொறுத்தது.

சிமுலேட்டர்களில் வளர்ச்சி

1980களின் சிமுலேட்டர்களில் விமானி அறை என்பது சில நிறங்களால் வரைந்த தட்டையான படம். தேய்மானம் காட்ட அங்கே இடமே இல்லை. 1998இல் வெளிவந்த ஃபால்கன் 4.0 போன்றவை முப்பரிமாண அறையைத் தந்தாலும், அதன் பரப்புகளில் நுண்விவரம் குறைவு.

2001இல் வெளியான ஐஎல்-2 ஸ்டர்மோவிக் இவ்வகையில் ஒரு திருப்பம். சோவியத்–ஜெர்மன் போர்முனையைக் காட்டிய இந்தச் சிமுலேட்டரில் அறைகள் பயன்பட்ட சாயலுடன் இருந்தன. அதைவிட முக்கியம், குண்டு பட்டால் முன்கண்ணாடியில் ஓட்டை விழுந்தது. மானிகள் உடைந்து செயலிழந்தன. எண்ணெய் கசிந்து முன்கண்ணாடியை மறைத்தது. இது சண்டையில் ஏற்படும் சேதமே தவிர, தேய்மானம் அன்று. ஆனால் விமானி அறை என்பது மாறக்கூடிய, காயப்படக்கூடிய ஒரு பொருள் என்ற எண்ணத்தை இது பயன்படுத்துவோரிடம் ஊன்றியது.

பின்னர் வந்த டிஜிட்டல் காம்பாட் சிமுலேட்டர் (டிசிஎஸ்) வரிசையில் ஒவ்வொரு சுவிட்சும் சொடுக்கினால் இயங்கியது. 2008இல் கேஏ-50 ஹெலிகாப்டரும் 2011இல் ஏ-10சி விமானமும் இப்படி வந்தன. சுவிட்சைத் தேடிச் சொடுக்க வேண்டியிருப்பதால் பயன்படுத்துவோர் பலகைகளை மிக அருகிலிருந்து உற்றுப் பார்க்கத் தொடங்கினர். 2016இல் மெய்நிகர்த் தலைக்கவசங்கள் பொதுமக்களின் கைக்கு வந்தபின் இந்த நெருக்கம் இன்னும் கூடியது. தலையைக் குனிந்து ஒரு குமிழை ஒரு சாண் தொலைவில் பார்ப்பவருக்கு, மாசுமருவற்ற சாம்பல் பரப்பு பிளாஸ்டிக் பொம்மை போலத் தோன்றும்.

உருவாக்கும் முறை

முப்பரிமாண உருவின் மீது போர்த்தப்படும் மேற்பரப்புப் படங்களில்தான் தேய்மானம் அமைகிறது. இன்றைய முறையில் ஒரே பரப்புக்குப் பல படங்கள் உண்டு. ஒன்று நிறத்தைச் சொல்லும். ஒன்று மேடுபள்ளத்தைச் சொல்லும். ஒன்று எந்த இடம் உலோகம், எந்த இடம் அல்ல என்று சொல்லும். இன்னொன்று சொரசொரப்பைச் சொல்லும். ஒளி ஒரு பொருளின் மீது பட்டு எப்படித் திரும்புகிறது என்பதை இயற்பியலை ஒட்டிக் கணக்கிடும் இந்த அணுகுமுறை, டிஸ்னி நிறுவனம் 2012இல் தன் முறையை வெளியிட்டபின் விளையாட்டுத் துறையில் வேகமாகப் பரவியது.

இவற்றுள் சொரசொரப்புப் படமே தேய்மானத்துக்கு உயிர். பலரும் தேய்மானம் என்றால் வண்ணம் உரிவது என்றே நினைக்கிறார்கள். உண்மையில் மங்கலான பூச்சின் மீது விரல் மீண்டும் மீண்டும் பட்டால், நிறம் மாறுவதற்கு வெகு முன்பே அந்த இடம் மெருகேறிவிடும். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. விமானம் திரும்பி வெயில் சாய்வாக விழும்போது த்ராட்டில் பிடியில் பெருவிரல் பட்ட இடம் மட்டும் ஒரு கணம் மின்னி மறையும். நிறத்தைத் தொடாமல் சொரசொரப்பை மட்டும் மாற்றி இதைக் காட்டலாம். வண்ணத்தைச் சுரண்டி வரைந்த பத்துக் கீறல்களைவிட இந்த ஒரு மின்னல் நம்பும்படியாக இருக்கும்.

சப்ஸ்டன்ஸ் பெயின்டர் போன்ற மென்பொருள்கள் பொருளின் கூரிய விளிம்புகளைத் தாமாகவே கண்டுபிடித்து அங்கெல்லாம் வண்ணத்தை உரித்துவிடும் வசதி கொண்டவை. நேரம் மிச்சமாகும். ஆனால் கணினிக்கு எது விளிம்பு என்று தெரியுமே தவிர, எது கை படும் இடம் என்று தெரியாது. யாருடைய கையும் எட்டாத பலகை மூலையும், நாள்தோறும் பிடிக்கும் கைப்பிடியும் ஒரே அளவில் உரிந்துவிடும். சில அறைகளைப் பார்த்தவுடன் ஏதோ சரியில்லை என்று தோன்றுவதற்கு இந்தத் தானியங்கி உரிப்பே பெரும்பாலும் காரணம்.

நினைவகமும் ஒரு தடை. பக்கத்துக்கு 4096 புள்ளிகள் கொண்ட ஒரு மேற்பரப்புப் படத்தில் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 4 பைட்டு என்றால் ஒரு படத்துக்கே 64 மெகாபைட்டு. சுருக்கினாலும் 16 மெகாபைட்டு அளவில் நிற்கும். ஓர் அறைக்கு இப்படிப் பல பரப்புகள், பரப்புக்குப் பல படங்கள். ஒரே திருகின் படத்தை அறை முழுவதும் பயன்படுத்தினால் இடம் மிச்சமாகும். ஆனால் எல்லாத் திருகிலும் அதே கீறல் அதே கோணத்தில் இருக்கும்.

எஃப்-14 டாம்கேட்

தேய்மானத்தைப் பற்றிய பேச்சில் தவறாமல் வருவது, டிசிஎஸ் சிமுலேட்டருக்காக ஹீட்பிளர் நிறுவனம் 2019 மார்ச்சில் வெளியிட்ட எஃப்-14 டாம்கேட் ஆகும். உண்மையான விமானத்தை லேசர் கருவியால் அளந்து, படங்கள் எடுத்து உருவாக்கிய இதன் அறைகள், நீண்ட காலம் கடற்படையில் உழைத்த விமானத்தின் களைப்பைக் காட்டுகின்றன. உரிந்த விளிம்புகள், மங்கிய எழுத்துகள், மானிக் கண்ணாடிகளின் படலம் ஆகியவை இதில் பேர்பெற்றவை.

எஃப்-14 முதன்முதலில் பறந்தது 1970 டிசம்பரில். மொத்தம் 712 கட்டப்பட்டன. 79 ஈரானுக்குச் சென்றன. அமெரிக்கக் கடற்படை 2006 செப்டம்பரில் இதை ஓய்வு பெறச் செய்தது. உதிரிபாகங்கள் ஈரானின் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, அரிசோனா பாலைவனத்தில் நிறுத்தி வைத்திருந்தவற்றுள் பல விமானங்கள் பின்னர் துண்டு துண்டாக நொறுக்கப்பட்டன. எனவே அமெரிக்காவில் எஞ்சியவை பெரும்பாலும் அருங்காட்சியகங்கள் போன்ற இடங்களில் காட்சிக்கு நிற்பவையே. அவையும் ஆண்டுதோறும் வெளுத்துக் கொண்டிருக்கின்றன. இந்நிலையில் ஒரு நல்ல சிமுலேட்டர் அறை, பொழுதுபோக்கு என்பதைத் தாண்டி, அந்த விமானி அறை எப்படி இருந்தது என்பதற்கான ஆவணமாகவும் ஆகிவிடுகிறது. ஆவணம் என்றால் பிழைக்கும் பொறுப்பு உண்டு.

இங்கே ஆண்டுக் கேள்வி கூர்மையாகிறது. இந்தச் சிமுலேட்டரில் முதலில் தரப்பட்ட எஃப்-14பி வகை, 1980களின் இறுதியில் எஃப்-14ஏ பிளஸ் என்ற பெயரில் பணியில் சேர்ந்தது; 1991இல் பெயர் மாறியது. அவற்றுள் சில புதிதாகக் கட்டப்பட்டவை, மற்றவை பழைய ஏ வகையிலிருந்து இயந்திரம் மாற்றப்பட்டவை. 2003இல் ஈராக் மீது பறக்கும் பணி என்றால் தேய்ந்த அறை முற்றிலும் பொருத்தம். 1988இல் நடப்பதாக அமைத்த பணியில், புதிதாகக் கட்டிய விமானத்துக்கு அதே அறை பொருந்தாது. பழையதிலிருந்து மாற்றிய விமானத்துக்குப் பொருந்தும். ஓவியம் ஒன்றே. அது சரியா தவறா என்பதைப் பணியின் ஆண்டு முடிவு செய்கிறது.

அருங்காட்சியக வயதும் போர்க்கால வயதும்

இரண்டாம் உலகப் போர் விமானங்களில் இச்சிக்கல் இன்னும் பெரிது. உருவாக்குநர்களுக்குக் கிடைக்கும் சான்றுகள் மூன்று வகை. முதலாவது, போர்க்காலக் கையேடுகளில் உள்ள படங்கள். அவை கறுப்பு வெள்ளை; காட்டுவது பெரும்பாலும் புது விமானத்தை. இரண்டாவது, இன்றும் பறக்கும்படி சீரமைத்த விமானங்கள். இவற்றின் அறை புதிதாக வண்ணம் பூசப்பட்டது. நவீன வானொலி பொருத்தப்பட்டது. போர்க்கால விமானியே பார்த்தால் வியக்கும் அளவுக்குத் துலக்கமானது. மூன்றாவது, சீரமைக்காமல் அருங்காட்சியகத்தில் வைத்தவை. உண்மையான பழமை இங்கேதான் இருக்கிறது என்று ஓவியர்கள் இவற்றை நாடுகிறார்கள். ஆனால் அந்தப் பழமை யாருடையது என்று பார்க்க வேண்டும்.

மானிகளின் எண்களை எடுத்துக் கொள்ளலாம். இருட்டில் ஒளிர்வதற்காக அவற்றில் ரேடியமும் துத்தநாக சல்பைடும் கலந்த பூச்சு இடப்பட்டது. ரேடியத்தின் அரை வாழ்வுக் காலம் ஏறத்தாழ 1600 ஆண்டுகள். அது எளிதில் தீர்ந்துபோகாது. ஆனால் அதன் கதிர்வீச்சே துத்தநாக சல்பைடைச் சிதைத்துவிடுவதால் ஒளிர்வு மங்கிப் போகிறது, பூச்சும் பழுப்பேறுகிறது. இன்று அருங்காட்சியகத்தில் காணும் பழுப்பு எண்கள் பல பத்தாண்டுகளின் விளைவு. 1940 ஜூலையில் படைப்பிரிவுக்கு வந்த ஸ்பிட்ஃபயரில் அவை வெளிறிய நிறத்தில், இருட்டில் நன்கு ஒளிரும்படி இருந்திருக்கும். பிரித்தானியப் போர் அந்த ஆண்டு அக்டோபர் இறுதியோடு முடிந்துவிட்டது. அதற்குள் பழுப்பேற நேரமே இல்லை.

வெளுத்த தோல், உடைந்து உதிரும் ரப்பர், மஞ்சளான பிளாஸ்டிக், தகட்டில் பூத்த வெள்ளை அரிப்பு ஆகியவையும் பெரும்பாலும் போருக்குப் பிந்திய காலத்தின் அடையாளங்கள். பல விமானங்கள் சில வாரங்களிலேயே சுட்டு வீழ்த்தப்பட்டன. சில பயிற்சி விபத்துகளில் நொறுங்கின. அவை முதுமையைக் காணவில்லை. அந்தச் சில வாரங்களில் அவை கண்டது கடுமையான கையாளுகை: ஒரு நாளில் பலமுறை அவசரமாக ஏறி இறங்கிய காலணிகள், புல்தரை ஓடுதளத்தின் சேறு, வான்குடைக் கொக்கிகள் விளிம்பில் உரசிய கீறல்கள், மிதியில் ஒட்டி வந்த மண். அதாவது அவை புதியவை, ஆனால் அடிபட்டவை. அருங்காட்சியக விமானமோ பழையது, ஆனால் இன்று யாரும் தொடாதது. ஒன்றின் தோற்றத்தை மற்றொன்றுக்குப் போர்த்தினால், இருபது வயது விமானி ஒருவர் புது விமானத்தில் போருக்குச் சென்றார் என்ற உண்மை மறைந்து, அவர் ஏதோ பழம்பொருளில் பறந்தது போன்ற எண்ணம் பார்ப்பவர் மனத்தில் பதிகிறது.

படிக்கும் வசதி பற்றிய விவாதம்

தேய்ந்த அறைகளுக்கு எதிராகச் சொல்லப்படும் நடைமுறைக் குறை, எழுத்துகளைப் படிக்க முடியவில்லை என்பது. இதில் நியாயம் உண்டு. உண்மையான விமானி ஒவ்வொரு சுவிட்சின் இடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு காட்டும் அளவுக்குப் பயிற்சி பெற்றவர்; எழுத்து அழிந்திருந்தாலும் அவருக்குக் குறையில்லை. சிமுலேட்டரில் பறப்பவர் வார இறுதியில் இரண்டு மணி நேரம் அமர்பவர். அவருக்கு எழுத்துதான் வழிகாட்டி. திரையின் கூர்மையும் மனிதக் கண்ணுக்கு ஈடாகாது; மெய்நிகர்த் தலைக்கவசத்தில் அது இன்னும் குறைவு. மானிக் கண்ணாடியில் படலமும் பிரதிபலிப்பும் கூடினால் முள் எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் போகும்.

இதற்காகவே ஆர்வலர்கள் தாமே சுத்தமான மாற்று மேற்பரப்புப் படங்களைத் தயாரித்துப் பகிர்கிறார்கள். சுத்தமாக வந்த அறைக்குத் தேய்ந்த மாற்றைத் தயாரிப்பவர்களும் உண்டு. பலர் சேர்ந்து இணையவழிப் பறக்கும் சில சேவையகங்கள் மாற்றப்பட்ட படங்களை ஏற்பதில்லை. விளிம்பிலும் தரையிலும் தேய்மானத்தைத் தாராளமாகக் காட்டி, மானி முகப்பிலும் எழுத்திலும் அடக்கி வாசிப்பதே இதுவரை கண்ட நடைமுறைத் தீர்வுகளுள் பயனுள்ளது. உண்மையான விமானங்களிலும் படிக்க முடியாத மானியையும் எழுத்துப் பலகையையும் பராமரிப்புப் பிரிவு மாற்றிவிடும் என்பதால், இது உண்மைக்கும் அதிகம் முரணாகாது.

தோற்றமும் நடத்தையும்

தேய்ந்து தோன்றும் விமானம் தேய்ந்தது போல நடந்துகொள்வதில்லை என்பது அண்மைக் காலம் வரை இருந்த குறை. வண்ணம் உரிந்த அறையில் எல்லா மானியும் துல்லியமாகக் காட்டும். எந்த விளக்கும் அணைந்திருக்காது. 2024 மே மாதம் வெளியான ஹீட்பிளரின் எஃப்-4இ பாண்டம் இதில் ஒரு படி முன்னேறியது. உள்ளுறுப்புகளைத் தனித்தனியே கணக்கிட்டு, அவற்றின் தேய்மானத்தால் ஒரு விமானம் மற்றொன்றிலிருந்து சற்று மாறுபட்டு இயங்கும்படி அது அமைக்கப்பட்டது.

தோற்றத்தில் அத்தகைய வேறுபாடு இன்னும் பெரிய அளவில் வரவில்லை. வால் எண்ணையும் படைப்பிரிவுச் சின்னத்தையும் மாற்றினால் வெளிப்புறம் மாறுகிறது. உள்ளே பெரும்பாலும் ஒரே அறைதான். நான்கு பேர் நான்கு விமானங்களில் அணிவகுத்துப் பறந்தாலும், நால்வரின் இடது பக்கப் பலகையிலும் அதே கீறல் அதே இடத்தில் கிடக்கிறது.